டிராமில் பேரில்லாத பெண்

1983 நவம்பர் 20
பேரப்பிள்ளைகளில் பெரியவன் குன்டார்ஸ் கப்பலில் பொறியாளன். ஐனா பாட்டுக் குழுவோடு தாலினுக்குப் போய்ப் பரிசு வாங்கினாள். கடைக்குட்டி இல்வியா லியெபாயாவில் வாத்தியார் படிப்பு. இப்போது அவள் எழுதிய டிராம் கதை பத்திரிகையில் வந்திருக்கிறது! அஞ்சாவதோடு நின்றவளின் பேத்தி எழுத்தாளர். நாளைக்கே வாங்கணும்.

நவம்பர் 21
படித்தேன். பத்திரிகையை மேசையில் எறிந்தேன்.
ரிகாவுக்கு வந்த புதிதில் டிராமில் ஏறி, ஊர் வழக்கப்படி எல்லாருக்கும் வணக்கம் சொன்னேன். பெட்டியே சிரித்தது. இல்வியாவிடம் அதை நான்தான் சொன்னேன். அப்படியே போட்டிருக்கிறாள். அந்தப் பெண்ணுக்குப் பேர்கூட இல்லை, "தலைத்துணிக்காரி"யாம். பயணிகளின் சிரிப்போடு கதை முடிகிறது. நான் அவ்வளவுதானா?

நவம்பர் 22
மாடிவீட்டு வெல்தாவும் கதையைப் படித்திருக்கிறாள், படியில் மறித்தாள்: "என்ன லூசியா, எனக்கு வணக்கம் இல்லையா?" பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினேன்.

நவம்பர் 24
இல்வியாவுக்குப் போன் போட்டேன்.
"ஏழு வருஷம் கழிச்சு அதே டிராமை ஓட்டினது யாருடி? அது எங்க?"
"பாட்டி, அது கதைக்கு வேண்டாம். நகரம் எப்படி மாறிச்சுன்னு காட்டணும். டிராம்தான் புதுக்காலம், அந்தப் பொம்பளை பழசு."
"நகரம் தானா மாறிச்சா? வண்டி தானா ஓடிச்சா? எங்கள மாதிரி தலைத்துணிக்காரிங்கதானே ஓட்டினோம்!"
"நீங்க கதையைப் புரிஞ்சுக்கல பாட்டி."
வைத்துவிட்டேன். புரியலையாம்!

டிசம்பர் 12
நாளைக்கு என் பெயர்நாள், காலண்டரில் லூசியா என்று போட்டிருக்கிற நாள். இதற்கு யாரையும் கூப்பிடுகிற வழக்கமில்லை, நினைப்பிருக்கிறவர்கள் வருவார்கள். இல்வியா வருவாளா? வராட்டிப் போகட்டும். ரொட்டி மாவு பிசைந்து வைத்தேன், கொஞ்சம் கூடவே.

டிசம்பர் 13
வெல்தா வந்தாள், மூன்று வாய் தின்றாள், குறை சொன்னாள். இருட்டின பிறகு இல்வியா, பனியோடு வாசலில். மன்னிப்பு கேட்கவில்லை. கோட்டைக்கூடக் கழற்றாமல், "பாட்டி, இலையுதிர் காலத்துல தண்டவாளம் வழுக்குமே, எப்படி நிறுத்துவீங்க?" என்றாள்.
"மணல் தூவணும். தெரியாமலா டிராம் கதை எழுதின?"
"அதுக்குத்தான் வந்தேன்."
திட்டிக்கொண்டேதான் சொன்னேன். காப்பி ஆறிப்போச்சு.

1984 பிப்ரவரி 9
இல்வியா போனில் புதுக்கதையின் முதல் வரி படித்தாள்: "லூசியா பிரேக்கை மிதிக்குமுன் மணலைத் தூவினாள்."
பேரைப் போட்டிருக்கிறாள்! ஆனால் வயது நாற்பதாம். அப்போ எனக்கு முப்பத்துநாலு, மாற்றுடி என்றேன். மாற்றுகிறாளாம்.
பழைய கதையோடு பத்திரிகையில் வந்த அவள் போட்டோ மங்கல், முகமே தெரியவில்லை. இல்வியா, புதுசா ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பு என்றேன். சிரித்தபடி இருக்கணும்.