ரோம்சோஸில் ரோமாபுரி நடத்திய அப்பாவுக்கு

என் அப்பா, என் ராசா அப்பா,

செல்லமாகக் கூப்பிடுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். ராசா என்றால் உங்களுக்குப் பிடிக்குமே, அதனால் கூப்பிடுகிறேன். நீங்கள் போய் அரை வருசமாகியும் என் கோபம் ஆறவில்லை. செத்தவரைத் திட்டக் கூடாது என்பார்கள். இருந்தபோது திட்ட விட்டீர்களா?

சனிக்கிழமை என்றால் ஒஸ்லோ ஓரத்து ரோம்சோஸில் நம் வீட்டில் ரோமாபுரி. இல்லாவிட்டால் எகிப்து. வேறு படம் கிடையாது. வாள், தேர், பெரிய தூண்கள், வெள்ளைத் துணி சுற்றிய கிழவர்கள் மூலையில் கூடி நின்று சதி செய்வது. அவர்கள் பேசும் ஆங்கிலம் உங்களுக்குப் பாதிதான் புரியும். கீழே ஓடும் நோர்வேஜிய எழுத்தை நான் தமிழில் சொல்ல வேண்டும். சொன்னால், அவன் அப்படிச் சொல்லியிருக்க மாட்டான் என்று என்னைத் திருத்துவீர்கள். படம் எடுத்தவனுக்கே தெரியாத ரோமாபுரி உங்களுக்குத் தெரியும்.

எனக்கு அந்தப் படங்களைக் கண்ணில் காட்டக் கூடாது. எகிப்துக்காரரும் எங்கடை ஆக்கள்தான் என்று அடித்துச் சொல்வீர்கள். திரையில் வந்த ராணியோ பால் வெள்ளை, கண்ணில் மட்டும் மை. நம் நிறத்திலும் ஒருவன் இருந்தான்தான். அவன் சிம்மாசனத்துக்குப் பின்னால் விசிறி பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு தடவையாவது அவனைப் பார்த்தீர்களா அப்பா?

வாரம் முழுக்க ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவினீர்கள். உங்களைவிட வயதில் குறைந்த சமையல்காரன் ஒருவன் உங்களை விரல் சொடுக்கிக் கூப்பிடுவானாம். அம்மாதான் சொன்னார். கேட்டபோது எனக்கு நெஞ்சு எரிந்தது, இன்றும் எரிகிறது. ஆனால் அந்தச் சொடுக்கை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவிடம் காட்டினீர்களே, அதை எப்படி மறப்பேன்? கதிரையில் சாய்ந்தபடி ஒரு சொடுக்கு என்றால் தேத்தண்ணி. இன்னொன்று என்றால் வடை. அம்மா ஒரு படத்தையும் முழுதாகப் பார்த்ததில்லை. வடகோடி ஹம்மர்பெஸ்ட் மீன் ஃபாக்டரியில் கத்தி பிடித்துத் தன் சம்பளத்தில் நிமிர்ந்து நின்றவர் அவர். ஒஸ்லோவுக்கு வந்ததும் இனி வேலை வேண்டாம் என்று நிறுத்தினீர்கள். அவரிடம் யார் கேட்டது?

செத்த ராசாவின் கல்லறைக்குள் அப்பமும் மதுவும் வைக்கிற காட்சி வந்தால் தொடையில் தட்டிச் சிரிப்பீர்கள். "விசரர். செத்தவன் எழும்பியே சாப்பிடப்போறான்?" என்பீர்கள். உங்கள் எட்டுச் செலவுக்கு என்ன நடந்தது தெரியுமா? போனவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் படைக்கும் நாளல்லவா, உங்கள் தம்பி ஒன்றும் குறை விடவில்லை. ஆட்டிறைச்சிக் கறி, இறால் பொரியல், விஸ்கி, சுருட்டு. அது போதாதென்று உங்கள் டிவிடிகளையும் இலைக்குப் பக்கத்தில் அடுக்கி, மேலே ரிமோட்டை வைத்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

அதன் பிறகு சனிக்கிழமை தவறாமல் சித்தப்பா நகரின் மறுகோடியிலுள்ள மோர்டென்ஸ்ருட்டிலிருந்து ரயிலேறி வந்தார். உங்கள் கதிரையில் இருந்து உங்கள் படங்களைப் போட்டுப் பார்த்தார். அம்மா தேத்தண்ணி கொண்டுவந்தார். ஹம்மர்பெஸ்டில் இருக்கும் சின்னம்மா போன் எடுத்து, பழைய ஃபாக்டரியில் ஆள் எடுக்கிறார்கள், வா அக்கா என்று அம்மாவைக் கூப்பிட்டபடி இருந்தார். சித்தப்பா விடவில்லை. வருசம் திரும்பும்வரை அண்ணை இருந்த வீட்டில் விளக்கு எரிய வேண்டும், அதற்குள் மச்சாள் வாசல் தாண்டினால் சனம் என்ன கதைக்கும் என்றார். நீங்கள் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பீர்கள். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, எகிப்துப் படம். ராசா செத்துப்போனார். கல்லறைக்குள் பொன், தானியம், கட்டில் எல்லாம் வைத்து, ராணியையும் உயிரோடு உள்ளே விட்டுக் கல்லால் மூடுகிறார்கள். தட்டோடு வந்த அம்மா அப்படியே நின்று பார்த்தார். சித்தப்பா உச்சுக்கொட்டினார்.

"பாவம் அந்தப் பொம்பிளை. காட்டுமிராண்டியள், மச்சாள்."

அம்மா தட்டை மேசையில் வைத்தார். "நான் வாற கிழமை ஹம்மர்பெஸ்டுக்குப் போறன்."

சித்தப்பா படத்தை நிறுத்திவிட்டு, அப்படியென்றால் விளக்கை யார் கொளுத்துவது என்று கேட்டார்.

"விளக்கை நீங்கள் கொண்டுபோங்கோ. அவர் இருக்குமட்டும் இருந்தனான். அது காணும்."

அம்மா குரலை உயர்த்தவே இல்லை. சித்தப்பா நான் தடுப்பேன் என்று நினைத்து என்னைப் பார்த்தார். நான் எழுந்துபோய் அலுமாரியின் மேலிருந்த சூட்கேஸை இறக்கினேன். அவர் தேத்தண்ணியைக் குடிக்காமலே போய்விட்டார்.

இப்போது அம்மா அங்கேதான் இருக்கிறார். கை விறைக்கிறதாம், முதுகு நோகிறதாம். பக்கத்தில் நின்று மீன் வெட்டுகிற பெண் ஓயாமல் பகிடி விடுகிறாளாம். அதைச் சொல்லும்போதே சத்தமாகச் சிரித்தார். எனக்கு யாரோ ஒரு புதுப் பெண்ணோடு கதைக்கிற மாதிரி இருந்தது. அந்தச் சிரிப்பை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? கேட்டிருந்தும் வேலையை நிறுத்தினீர்களா?

உங்களில் பாசம் இல்லை என்று எழுதினால் அது பொய். டிவி முன்னால் நீங்கள் இருமுவது போல யாராவது இருமினால் இன்றும் திரும்பிப் பார்க்கிறேன். பாசம் ஒரு பக்கம் இருக்கட்டும். அது அம்மாவின் கணக்கைத் தீர்க்காது.

ஒரு வாக்குத் தருகிறேன். உங்கள் ஆண்டுத் திவசத்தை நான் விடமாட்டேன். ஆனால் அது ரோம்சோஸில் இல்லை, ஹம்மர்பெஸ்டில். வழி தூரம், குளிர், நீங்களே விசாரித்துக்கொண்டு வாருங்கள். அம்மா வெட்டிய மீனில் நான் கறி வைப்பேன். முதல் இலை அம்மாவுக்கு. அவர் ஆறுதலாக இருந்து சாப்பிட்டுக் கை கழுவி வந்த பிறகு, உங்களுக்குப் படைப்பேன்.

அதுவரை காத்திருங்கள்.

உங்கள் கோபத்தையும் உரித்து வைத்துப் பிறந்த,
மூத்த மகள்