முனிரத்தினம் மாமாவின் பட்டையும் அடியில் சிக்கிய நூலும்

உத்திரமேரூர்

அன்பு மகன் ஜீவாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உங்கப்பா, புதிதாகக் கன்று போட்ட சிவப்பி எல்லோரும் சௌக்கியம், என் தோல் தைக்கிற மெஷினைத் தவிர. மஸ்கட்டில் நீயும் உன் ரூம் பையன்களும் நன்றாக இருக்க அம்மன் துணை. போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுகிறாய், அதனால் லீவு முடிந்து அங்கே வரும் எதிர்வீட்டுத் தமிழரசன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன், முழுசாகப் படி.

ஆயுத பூஜை முடிந்து மெஷினைத் தொட்டதிலிருந்து ஒரே பேஜார். மேலே பார்த்தால் தையல் மல்லிச்சரம் மாதிரி விழுகிறது, தோலைத் திருப்பினால் அடியில் நூல் தேங்காய் நார் மாதிரி பந்து பந்தாகக் குவிந்திருக்கிறது. நாலு தையல் போவதற்குள் ஊசி மாட்டிக்கொள்ள, மோட்டார் உறுமுகிறது. உன்னைக் கேட்டால் "கீழ சிக்குனா கீழ பாரும்மா, பாபின்தான்" என்றாய். பார்த்தேன். அடி நூல் சுற்றிய பாபினை மாற்றினேன், அது உட்காரும் கேஸைத் துடைத்தேன், கொக்கியைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவினேன், ஊசியையும் மாற்றினேன். மறுபடி அதே பந்து. உங்கப்பா வயலிலிருந்து வந்து இடுப்பில் கை வைத்து நின்று, "வோல்டேஜ் பத்தல, நம்ம போர் செட்டு கூட இப்டித்தான்" என்றார். அவருக்கு உலகத்தில் எது ஓடாவிட்டாலும் போர் செட்டுதான்.

இந்த லட்சணத்தில் முனிரத்தினம் மாமா வந்து உட்கார்ந்தார். பஸ் ஸ்டாண்டில் பூக்கடை வைத்திருக்கிறாரே, போலியோ வந்த காலுக்குக் கம்பி வைத்த காலிப்பர் மாட்டி நடப்பாரே, அவர்தான். அதன் தொடைப் பட்டை அறுந்துவிட்டது. மறுநாள் காலை பக்கத்துப் பெருநகர் கிராமத்தில் அவர் மகள் சௌமியாவுக்கு நிச்சயம். "சம்பந்திக்காரங்க முன்னால நாற்காலில குந்திக்கினு தட்டு மாத்த மாட்டேன் சசி, நின்னுக்கினுதான் மாத்துவேன்" என்றார். நானும் பெரிய மனுஷி மாதிரி "அரை மணி நேரம்ணா" என்று சொல்லித் தொலைத்தேன். பட்டை இல்லாமல் அவர் எழுந்து போகவும் முடியாது. நாஷ்டா ஆச்சு, மத்தியானச் சோறு ஆச்சு, உங்கப்பா பங்கு வடையும் ஆச்சு. கையால் தைத்துக் கொடுத்துப் பார்த்தேன், எழுந்து நின்றதும் பிரிந்துவிட்டது, சுவரைப் பிடித்துக்கொண்டார். "இன்னாம்மா, உங்க வூட்டு அரை மணி நல்லா நீளமா கீது" என்று குத்தல் வேறு. வாய்தான் சிரிக்கிறது, கண் பட்டையை விட்டு நகரவில்லை. அதைப் பார்த்து எனக்குக் கை ஓடவில்லை.

வந்த கோபத்தில் மெஷினைப் பார்த்து, "உனக்கு இன்னா கொற வெச்சேன், தொடச்சு, பொட்டு வெச்சு, மாலை போட்டேனே" என்று கத்தினேன். "பொட்ட எங்க வெச்சம்மா?" என்றார் முனிரத்தினம் அண்ணன். மெஷினுக்கு நெற்றி ஏது? மேல் நூலை இறுக்கிப் பிடிக்கும் இரண்டு வட்டத் தகடுதான் முகம் மாதிரி இருந்தது, அதில்தான் சந்தனத்தைத் தாராளமாக அப்பியிருந்தேன். தோலை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டை இறக்கிவிட்டு மேல் நூலை இழுத்தால் இறுக்கமாக வர வேண்டும், தண்ணீர் மாதிரி வருகிறது. தகடுகளின் நடுவே நாடாவை விட்டு இழுத்தேன், காய்ந்த சந்தனம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது! தகடு இரண்டும் சேரவே இல்லை, பிடிப்பாரில்லாத மேல் நூல் அடியில் போய்க் குவிந்திருக்கிறது. கீழே பார் என்றாயே, மகராசா! உங்கப்பா சிரித்த சிரிப்பில் சிவப்பி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடப் பார்த்தது. பக்தி முத்தினால் இப்படித்தான், என் தலையில் அடித்துக்கொண்டு, துண்டுத் தோலில் ஓட்டிப் பார்த்துவிட்டு, பட்டையை இரட்டைத் தையலாகப் போட்டுக் கொடுத்தேன்.

நிச்சயத்தில் எல்லோரும் பெண்ணின் புடவையைப் பார்க்க, நான் முனிரத்தினம் அண்ணன் தொடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சம்பந்தி வீட்டுக்காரர்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தார்களோ. தட்டைத் தூக்கிக்கொண்டு அவர் ஊன்றி எழுந்தபோது பட்டை 'கறக்' என்றது, என் உயிர் பாதி போய்விட்டது. புதுத் தையல் முனகியதுதான், விடவில்லை. உட்காரச் சொன்ன பெரியவர்களையெல்லாம் முறைத்துவிட்டு, நிமிர்ந்து நின்றே தட்டு மாற்றினார். நான்தான் கிடைத்த நாற்காலியில் குந்திவிட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் அலையாதே, நூறாண்டு நன்றாயிரு. வெள்ளிக்கிழமை உனக்கு லீவுதானே, மறக்காமல் சௌமியாவைக் கூப்பிட்டு வாழ்த்துச் சொல்.

ஆசிகளுடன்,
உன் அம்மா
சசிரேகா தாமோதரன்