ஆண் சிலந்தியின் இடது கை

நண்பா,

இன்று காலை ஆய்வகத்தில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியைத் திறந்தேன். சாராய நெடி மூக்கில் ஏறியது. உள்ளே நீ பிடித்த ஆண் சிலந்தி கால்களை மடக்கிக்கொண்டு கிடந்தது. சீட்டில் உன் பென்சில் எழுத்து: 'வாலிகண்டபுரம், பருத்திக்காடு. இடது கை எடுத்தாச்சு.' மாணவர்களுக்குக் காட்டத்தான் எடுத்தேன். காட்டாமல் மூடிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இப்போதெல்லாம் ஒரு வகுப்பு எடுத்தாலே உடம்பு ஓய்ந்துபோகிறது.

நீயும் நானும் ஒரே கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர்களாக இருந்த காலம் அது. ஞாயிறு விடிந்தால் உன் வண்டியில் கிளம்பிவிடுவோம். பெண் சிலந்தி வலை நடுவே கண்ணில் படும்படி உட்கார்ந்திருக்கும். நீ தேடியது ஆணை. அது சிறிசு. கடைசித் தோலை உரித்து வளர்ந்தபின் வலையை விட்டுவிட்டு அலையும். வாய்க்கு இருபுறமும் இருக்கும் குட்டைக் கைகளின் நுனி, கையுறை போட்டதுபோல உருண்டிருந்தால் அது வளர்ந்த ஆண்.

அந்தக் கைதான் அதற்கு எல்லாம். விந்து சுரப்பது வயிற்றில். ஆனால் அங்கிருந்து நேராகப் பெண்ணுக்குக் கொடுக்க அதனால் முடியாது. குட்டியாக ஒரு வலை பின்னும். அதில் ஒரு சொட்டு விடும். பேனாவுக்கு மை ஏற்றுவதுபோலக் கையின் நுனியால் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு பெண்ணைத் தேடிப் போகும். ஒவ்வொரு இனத்துக்கும் அந்த நுனி ஒவ்வொரு மாதிரி. இடது கையைக் கழற்றி, நுண்ணோக்கியில் பார்த்து, வளைவு வளைவாக நீ வரைவாய். "எல்லாம் சரியா இருந்தும் கையில ஏத்த மறந்தா, ஒண்ணும் நடக்காதுடா" என்பாய்.

ஒருநாள் ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் நான் கேட்டேன். "ஊர்ல உள்ள சிலந்திக்கெல்லாம் ஆம்பளைத்தனம் அளக்குற. உன் வூட்டுல எப்பய்யா தொட்டில் கட்டப்போற?"

எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய்.

சில மாதம் கழித்து, பருத்திக்காட்டில் குனிந்து இலையைப் புரட்டிக்கொண்டே சொன்னாய். "திருச்சிக்குப் போயி டெஸ்ட் எடுத்தேன்டா. கோளாறு என்கிட்டதான். உயிரணுவே இல்லைன்னுட்டாங்க."

"எப்ப எடுத்த?"

"போன ஆடியில."

அடுத்த ஆடியே நெருங்கிக்கொண்டிருந்தது. "செல்விக்குத் தெரியுமா?" என்றேன். தலையாட்டினாய், தெரியாது என்று.

உன் மனைவி செல்வி அந்த ஒரு வருடமும் சனிக்கிழமை தவறாமல் பட்டினியோடு கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலுக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். உன் அம்மா சொல்லித்தான். எனக்குக் கோபம் வந்தது. "அவங்க வயித்தக் காயப்போட்டுக்கிட்டு நடக்குறாங்க. நீ பாத்துக்கிட்டே இருந்திருக்க."

"சொல்லணும்னுதான் தினமும் வூட்டுக்குப் போவேன். வாய் வராதுடா."

திரும்பி வரும்போதுதான் எனக்கு உறைத்தது. ஆசிரியர் அறையில் நான் கேலி பேசியபோதே அந்த ரிப்போர்ட் உன் கையில் இருந்திருக்கிறது. மன்னிப்புக் கேட்க நினைத்தேன். வண்டிச் சத்தத்தில் கேட்காது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த மாதம் கீழப்பழுவூரில் உன் மாமா வீட்டுக் காதுகுத்து. பந்தியில் உன் பக்கத்தில் நான். எதிர் வரிசையில் உன் அம்மா. செல்வி சாம்பார் ஊற்றிக்கொண்டு வந்தாள். அவள் காதுபடவே அம்மா ஆரம்பித்தார். "இவ வயித்துல ஒண்ணும் தங்கல. இன்னும் எத்தனை நாளு பாக்குறது? இன்னொரு எடம் பாத்தாத்தான் ஆவும்."

நீ இலையிலிருந்து கையை எடுத்தாய். "அம்மா, செல்விக்கு ஒண்ணும் இல்ல. கோளாறு எனக்கு. டாக்டரு எழுதியே குடுத்துட்டாரு. இன்னொருத்தியக் கட்டுனாலும் இதேதான்."

"சோறு திங்கிற எடத்துல பேசுற பேச்சாடா இது?"

"நீ பேசுன எடத்துலதாம்மா நானும் பேசுறேன்."

பந்தி அப்படியே நின்றுபோனது. செல்வி வாளியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனாள். அவள் உன்னைப் பாராட்டவில்லை. பதினைந்து நாள் உன்னோடு பேசவே இல்லை. பிறகு ஒரு கேள்விதான் கேட்டாளாம்: "ஒரு வருசம் எப்படிங்க சும்மா இருந்தீங்க?" இதை நீயே என்னிடம் சொன்னாய். அதற்குப் பிறகு சில ஞாயிறுகளில் அவளும் காட்டுக்கு வந்தாள். குப்பிகளைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நிற்பாள். நீங்கள் இருவரும் சிரித்துப் பேசி அப்போதுதான் பார்த்தேன்.

அது மூன்று வருடம்கூட நீடிக்கவில்லை. அரியலூர் பஸ்ஸில் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவன்தான், எழவில்லை. காரியம் முடிந்து செல்வி குப்பிகளை என்னிடம் கொடுத்தாள். "நீங்களே வச்சுக்கங்கண்ணே. எங்க வூட்டுல அவரு பேச்செடுத்தா இன்னமும் அந்தப் பந்தியத்தான் சொல்றாங்க."

உன்னிடம் கேட்காத மன்னிப்பை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இத்தனை வருடம் ஓடிவிட்டது.

போன வாரம் என் தங்கை மகளின் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுக்குக் கல்யாணமாகி நாலு வருடம், இன்னும் குழந்தை இல்லை. அந்தப் பெண் அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. மாமியார் பூசாரி, பரிகாரம் என்று அடுக்கிக்கொண்டே போனார். எழுந்து போய்விடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனாலும் சொன்னேன். "மொதல்ல ரெண்டு பேரும் டெஸ்ட் எடுக்கட்டுங்க. உங்க பையனும் சேத்துதான். இதுல ஆம்பளைக்கும் பாதி இருக்கு."

மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டான். காப்பி வரவில்லை. வாசல்வரை யாரும் வழியனுப்பவும் இல்லை. தங்கைகூட "உனக்கு ஏண்ணே இந்த வேலை" என்று போனில் சடைத்துக்கொண்டாள்.

களைப்பாகத்தான் இருக்கிறதடா. ஆனால் நான் செருப்பை மாட்டும்போது அந்தப் பெண் அடுக்களையிலிருந்து வெளியே வந்து நின்றாள்.