தலையோலை மட்டும்

நலம் பெருகுக. குன்றநாடு உடையவரும், கோடையிலும் ஏரி வற்றாது காப்பவரும், நம் பாட்டனார் காலந்தொட்டு உறவில் மாறாதவருமான மாவண்கோ அவர்கள் திருமுன்பு, நெடுங்கரை அரசி பொன்னிலங்கை விடுக்கும் ஓலை. தங்கள் குடிகள் வாழ்க; தங்கள் சுவடிச்சாலையைச் கறையான் அரிக்காதிருக்க.

இரு நாட்டுச் சுவடிகளும் தடையின்றி வந்துபோகும் உடன்பாட்டை முறிப்பதாக முன்னர் எழுதியிருந்தோம். அதற்குக் காரணமானவள் வான்கோள் கணிக்கும் நம் வானக்கணி உலகுடையாள். நடந்ததைத் தாங்கள் அறிய வேண்டும்.

தங்கள் வானக்கணி நல்லமங்கை கிரகண நூல் எழுதுகிறாள் என்ற செய்தி வந்த நாள் முதல் உலகுடையாளுக்குச் சோறு இறங்கவில்லை. இருவரும் ஒரே பலகையில் கணக்குப் பயின்றவர்கள். அந்நூலைப் படிக்க அவளுக்கு மனமில்லை; அது எவ்வளவு வளர்ந்தது என்று அறியாமல் இருக்கவும் முடியவில்லை.

சுவடிக் கட்டை அவிழ்க்காமல், அதன் மேலுள்ள தலையோலையை மட்டும் சுவடிச்சாலை வாசலில் படித்துக்காட்டச் சொல்வது நம் இரு நாட்டு வழக்கம். கட்டின் அளவும், கடைசியாகத் திருத்திய நாளும், அது இருக்கும் இடமும் அதில் காணும். கட்டு வேறிடம் போயிருந்தால், போன இடம் மட்டும் எழுதிய தலையோலை வாசலில் இருக்கும். ஆகவே ஓலை சுமந்து ஓடும் ஓட்டன் எயினனுக்கு அவள் ஓர் ஏவல் எழுதித் தந்தாள்: மாதந்தோறும் போ, தலையோலையின் அளவையும் நாளையும் கேட்டு வா, கட்டைத் தொடாதே, வேறொன்றும் கேளாதே.

எயினன் ஏவியதற்கு மேல் ஒன்றும் செய்யாதவன். மாதந்தோறும் அளவு கூடியதாக வந்து சொன்னான். ஏடு கூடினால் புளுகும் கூடும் என்று அவள் உதவியாளரிடம் சிரித்தாள். அன்றெல்லாம் அவள் உண்ணவில்லை.

ஒருமுறை அளவும் இல்லை, நாளும் இல்லை, கட்டு இடம் மாறியது என்றான். அடுத்த மாதமும் அதையே சொன்னான். தன் கண்ணுக்கு மட்டும் அதை மறைக்கிறார்கள் என்று அவள் அவையில் அழுதாள். நம் சுவடி மட்டும் அவர்களுக்கு எதற்கு என்று கேட்டாள். நாமும் நம்பினோம், முறிப்போலை எழுந்தது.

அது போன பின்னரே, கட்டு எங்கே மாறியது என்று எயினனை வினவ நமக்குத் தோன்றியது.

“அதுவும் அதிலேயே இருந்தது தாயே. அளவும் நாளும்தானே கேட்டு வரச் சொன்னார்கள்?”

தலையோலை சொன்ன இடம்: நெடுங்கரை, உலகுடையாள் மண்டபம், பிழை திருத்தத்திற்காக.

கட்டு அவள் மண்டபத்துப் பரணில் கிடந்தது. குன்றநாட்டுக் கட்டு எதையும் தன் கண்ணில் காட்டக்கூடாது என்று அவளே சொல்லியிருந்தாள், உதவியாளர் காட்டவில்லை.

நம் முன்னிலையில் அதை அவிழ்த்தாள். உதட்டைக் கடித்தபடி ஏடு ஏடாகத் தள்ளினாள். கிரகண நிழலின் அளவில் ஒரு பிழை கண்டதும், நாம் பல மாதம் காணாத மலர்ச்சி அவள் முகத்தில் வந்தது. அந்த வரியின் கீழே நல்லமங்கையின் சிற்றெழுத்து இருந்தது: ‘இக்கணக்கு உலகுடையாளிடம் கற்றது. ஐயம் உண்டு, அவளைக் கேளாமல் மாற்ற மனம் வரவில்லை.’

அச்சிற்றெழுத்தைப் படித்தாள். பிறகு எழுத்தாணி கேட்டாள்.

ஆதலால் நம் முறிப்போலையைத் தீயில் இட வேண்டுகிறோம், உடன்பாடு நிற்கும். திருத்திய கட்டை ஓட்டன் கையில் தராமல் உலகுடையாளே சுமந்து வர ஆணையிட்டோம். வாசலில் தலையோலையை நீட்டிவிட்டு ஊர் திரும்பிவிடப் பார்ப்பாள். விடவேண்டாம், நல்லமங்கையிடம் உள்ளே அழைத்துச் செல்லுங்கள்.

இது நம் சொல். நாரை முத்திரை இட்டோம்.