உப்புப் பூத்த பச்சை நாற்காலி

திகுல்,
மே 21.

அன்புள்ள காஸ்பர் அண்ணாவுக்கு, இப்படி ஒருத்தியே போதும் என்று நீ கும்பிடு போடும் உன் தங்கை நெல்மி எழுதுவது.

முதலில் மன்னிப்பு. போன தடவை, அப்பா சாரத்திலிருந்து விழுந்துவிட்டார் என்று எழுதினேன். நீ கான்குனிலிருந்து வழியில் மெரிதா வரை அடித்துப்பிடித்து வந்து, பக்கத்து வீட்டு எலிஹியோ மாமாவுக்குப் போன் போட்டாயாம். "விழுந்தாரா? இங்க உக்காந்து தர்பூசணி தின்னுக்கிட்டு இருக்காரு" என்று அவர் சொல்ல, அப்படியே திரும்பிவிட்டாயாம். விழுந்தது என் மானம்தான். இந்தக் கடிதத்தில் பொய் இல்லை, நம்பு.

அம்மா நலம். "எம் மகன் நறுக்கினா வெங்காயமே அழும்" என்று தெருவெல்லாம் சொல்கிறாள். முன்பெல்லாம் அந்தப் பேச்சு வந்தால் அப்பா எழுந்து போவார். இப்போது போவதில்லை.

விஷயம் உன் பச்சை நாற்காலி. ஓட்டல் சமையலுக்குப் போகிறேன் என்று நீ சொன்ன அன்று, "கொத்து வேலைக்கு வராதவனுக்கு இந்த வீட்டுல உக்கார எடம் கெடையாது" என்று அப்பா கொல்லையில் வீசினாரே, அங்கேயே கிடந்தது. ஒன்றரை வருஷமாகத் தண்ணீர்த் தொட்டி வழிந்து அதன்மேல்தான் சொட்டியது. நம் கிணற்று நீர் பாதி தண்ணீர், பாதி சுண்ணாம்பு. வெள்ளை வெள்ளையாகச் செதில் கட்டி, முதலை மாதிரி ஆகிவிட்டது.

போன சனிக்கிழமை அப்பா அதைக் குப்பை வண்டியில் போடச் சொன்னார். நான் சுத்தம் பண்ணிக் காட்டுகிறேன் என்று சவால் விட்டேன். தரைக்கு ஊற்றும் ஆசிட்டை எடுத்தேன், அம்மா பிடுங்கிக்கொண்டாள். அதனால் கறிக்குப் பிசைய வைத்திருந்த புளிப்பு ஆரஞ்சுகளைப் பிழிந்து, துணியை நனைத்துச் சுற்றினேன். நுரைத்தது. கற்றாழை நாரால் தேய்த்தேன், பச்சை எட்டிப் பார்த்தது. நாலு வாளி தண்ணீர் ஊற்றி வெயிலில் வைத்தேன். மத்தியானம் பார்த்தால் மறுபடியும் பொட்டுப் பொட்டாய் வெள்ளை!

அப்பா சிரித்தார், அண்ணா. நீ போன பிறகு முதல் தடவை. "அடி கழுத, சுண்ணாம்புத் தண்ணிய ஊத்திக் காயவெச்சா சுண்ணாம்புதான மிஞ்சும்?" என்றார். பிறகு அவரே பழம் பிழிந்தார். கைப்பிடி இடுக்கையெல்லாம் நகத்தால் சுரண்டினார். கழுவிய ஈரம் காய்வதற்குள் தன் சட்டையைக் கழற்றித் துடைத்தார். சிமெண்டில் வெடித்த விரல்களில் சாறு எரிந்திருக்கும்.

அன்று சாயங்காலம் காற்று வாங்கத் தெருவில் நாற்காலி போடும்போது, உன்னுடையதைத் தன் பக்கத்தில் போட்டார். எலிஹியோ மாமா உட்காரப் போனார். அப்பா கையை நீட்டி, "அதுல ஆளு இருக்கு" என்றார். மாமா காலி நாற்காலியைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "ஆளு ரொம்பத்தான் எளைச்சுட்டான்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. மாமா தன் வீட்டிலிருந்து வேறொன்று எடுத்து வந்தார்.

ஐந்து நாளாக இப்படித்தான். உனக்கும் அப்பாவுக்கும் சேர்த்து நாலு கால் இருக்கிறது. ஒன்றாவது முன்னால் வரக்கூடாதா? வரச் சொல் என்று அவர் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார். கான்குனுக்குத் தபால் போக எத்தனை நாள் ஆகும் என்று மட்டும் இரண்டு தரம் கேட்டுவிட்டார்.

உன் கைக்கும் அடுப்புக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். எப்படியாவது லீவு கேள். மழை தொடங்கப் போகிறது. தொடங்கிவிட்டால் யாரும் தெருவில் உட்கார மாட்டோம். அதற்குள் வா.

உன் தங்கை,
நெல்மி