எழுத்து உதிர்ந்த புளோக் எண்

இன்று மதியம் என் திரையில் ஒரு சிவப்பு வரி வந்தது. முகவரி அட்டவணையைப் பழைய கணினியமைப்பிலிருந்து புதியதற்கு மாற்றிக்கொண்டிருந்தோம்; அடுக்குமாடிக் கட்டடத்தின் புளோக் எண் பத்தி பழையதில் எழுத்து வகை, புதியதில் எண் வகை, இரண்டும் பொருந்தவில்லை என்றது. நீ எழுதி வைத்துவிட்டுப் போன சோதனை நிரல்தான். நீ இறந்த இந்த ஒரு வருடத்தில் அது வாயே திறந்ததில்லை.

மருந்து வண்டிகள் கிளம்ப ஒரு மணி நேரம்தான் இருந்தது. புது மேலாளர் என் பின்னால் வந்து நின்று, மற்றதெல்லாம் பச்சையாக இருக்கும்போது இந்த ஒன்றுக்காகவா நிறுத்துவது என்று கேட்டார்.

நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்தவன்தானே. ஜாலான் புசாரில் நம் பழைய அலுவலகத்தில் இதேபோல் அட்டவணையை மாற்றியபோது, பத்திகளின் பெயர் சரி, வரிகளின் எண்ணிக்கை சரி என்று பார்த்தேன். வகையைப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன். 18ஏ என்ற புளோக்கில் ஏ உதிர்ந்து வெறும் 18 ஆனது. மார்சிலிங்கில் தனியாக இருந்த பெரியவரின் இன்சுலின் பக்கத்து புளோக்கில், அதே எண் வீட்டுக் கதவில் தொங்கியது. அந்த வீட்டில் ஆளில்லை. இரண்டு நாள் கழித்து அவரை மயக்கத்தோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

விசாரணைக்குப் போகும்போது மின்தூக்கி அருகே என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாய்.

"உனக்கு அடுத்த மாசம் வேலை பாஸ் ரினியூவல் இருக்கு. நான் சிட்டிசன், என்னை எங்க அனுப்புவாங்க? வாயத் திறக்காத லா."

உள்ளே போய், பார்க்கத் தவறியது நான்தான் என்று பழியை உன் தலையில் போட்டுக்கொண்டாய். நான் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் தலைமைப் பொறுப்பு போனது, என் பாஸ் வந்தது. அந்த வாரமே இந்த நிரலை எழுதினாய். நான் சாப்பிடுவதையும் பேசுவதையும் ஓயாமல் கிண்டலடித்தவன் நீ. இதை மட்டும் ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

இன்று மேலாளர் மறுபடியும் அவசரப்படுத்தியபோது எழுந்து நின்றேன்.

"நிறுத்துங்க சார். முன்னாடி இதே தப்பை விட்டது நான்தான். அவன் இல்ல."

அன்று விசாரணையில் உட்கார்ந்திருந்த ஒருவரும் இப்போது இங்கே வேலையில் இல்லை. மேலாளர் குழப்பத்தோடு, "யாரு அவன்?" என்று கேட்டார்.

வண்டிகள் நின்றன. ஏ, பி என்று முடியும் முகவரிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துத்தான் அனுப்பினேன். யாருடைய மருந்தும் இடம் மாறவில்லை. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டிய நாளில் நான் சொல்லவில்லையேடா. உன்னைத் தெரியாதவர்களிடம்தான் சொல்ல முடிந்தது.