கடைசி விசிலுக்கு முன் எழுந்தவர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொள்கிறீர்களா?

நேற்று இங்கே ஒரு சின்ன வாய்த்தகராறு. பயப்படாதீர்கள், கைகலப்பெல்லாம் இல்லை. நம் ஃபுட்பால் கிளப்பின் பழைய ஸ்டேடியத்துக்கு விடைகொடுத்து ஒரு வருடம் ஆகிறதல்லவா? நம்மூர்க்காரர்கள் என் அறையில் கூடி, அந்தக் கடைசி ஆட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அப்போது புதிதாக வந்திருக்கும் மெக்கானிக் சொல்கிறான்: "ரெண்டாவது கோல் வாங்கினதுமே உங்கப்பா எழுந்து வெளிய போயிட்டாரு. நான் பின் வரிசையிலதான் இருந்தேன்."

எனக்கு வந்ததே ஒரு கோபம்! தோற்றாலும் கடைசி விசில் வரை எழக்கூடாது என்று என் காதைத் திருகி உட்காரவைத்தவர் நீங்கள். மழையில் தொப்பலாக நனைந்தும் நகராதவர். உங்களைப் போய் இவன் சொல்வதா? "வாயை அடக்கிப் பேசுடா!" என்று கத்திவிட்டு, சாப்பிடாமலேயே படுத்துவிட்டேன்.

காலையில் பல் தேய்க்கும்போதுதான் உறைத்தது. வந்த புதிதில், ஊருக்கே திரும்பிவிடுகிறேன் என்று போனில் அழுதேனே, அது அந்தக் கடைசி ஆட்டம் நடந்த நேரத்தில்தான். உங்கள் பக்கம் கூட்டத்தின் சத்தமே கேட்கவில்லை. "ஆட்டம் எப்பவோ முடிஞ்சுபோச்சுப்பா, நீ பேசு" என்றீர்கள். இப்படியா ஒரு பொய் சொல்வது? இப்போது உங்கள் மேலும் கோபம்தான்.

ஆட்டம் பார்க்கப் போட்டுக்கொண்டு போவீர்களே, அந்த நீல ஜெர்சியை அனுப்பிவையுங்கள். அம்மா அதைத் துவைக்க வேண்டாம்.

கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது. மெக்கானிக்கும் அதில்தான் வருவான். ஏறியதும் சொல்லப்போகிறேன்: "எங்கப்பா பாதியில எழுந்தது நிஜம்தான்டா. என்கிட்டதான் வந்தாரு."

உங்கள் பெரியவன்